ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது? போர்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 11 வருடமாக நாய் வளர்க்கிறேன். இப்போது வீட்டில் இரண்டு பேர். சீசர் என்கிற வயதான லேப்ரடார், பூச்சி என்கிற நாட்டு நாய். பூச்சி ஒரு மழை நாளில் தெருமுனையில் நடுங்கிக்கொண்டு கிடந்தவள், அன்று தூக்கி வந்ததோடு சரி, திரும்பிப் போகவில்லை. இதுவரை நான்கு போர்டிங்குகளில், அதாவது நாம் ஊரில் இல்லாதபோது காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில், இவர்களை விட்டுப் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றில் நன்றாகப் பட்டுக்கொண்டேன். அதனாலோ என்னவோ தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலும் ஏப்ரல் கடைசியிலும் எங்கள் அபார்ட்மென்டில் யாராவது லிஃப்டில் மடக்கி இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதினைந்தாவது மாடி வரைக்கும் சொல்லி முடிக்க முடியாத விஷயம் என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

போர்டிங்கில்தான் விட வேண்டுமா? வேறு வழி இல்லையா?

இருக்கிறது, முதலில் அதைத்தான் யோசிக்க வேண்டும். உங்கள் அம்மாவோ மச்சானோ வந்து வீட்டில் தங்கிக்கொள்ள முடியும் என்றால் அதற்கு மேல் எந்தக் கெனலும், அதாவது நாய்களுக்கென்றே கூண்டு கட்டி வைத்திருக்கும் இடமும், கிடையாது. ஆனால் தங்க வேண்டும். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் வந்து சோறு வைத்துவிட்டுப் போவது ஒரு நாளைக்குச் சரி, நாலு நாளைக்கு ஆகாது. வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. அவருக்கு கேட், மோட்டார், கொரியர் பையன்கள் என்று ஆயிரம் வேலை. கதவைத் திறந்த நேரத்தில் நாய் அவர் காலிடுக்கில் புகுந்து ஓடிவிட்டால் பழி மட்டும் அவர் தலையில் விழும்.

கூடவே அழைத்துப் போகலாம். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கூபேயையோ நான்கு பெர்த் கேபினையோ முழுதாக நீங்களே எடுத்தால் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் கிடையாது. இல்லாவிட்டால் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. மே மாதத்தில் அதற்குள் என் நாயை நான் ஏற்ற மாட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொன்று, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், அதாவது ஹோம் போர்டிங். அவர்களுடைய ஃபிளாட்டிலேயே இரண்டு மூன்று நாய்களை வைத்துக்கொள்வார்கள். சின்ன நாய், வயதான நாய், ஆளை விட்டுப் பிரியாத நாய் என்றால் கெனலைவிட இது நல்லது. நாலு வீட்டுச் சத்தத்துக்கெல்லாம் குரைக்கிற நாய் என்றால் அந்தக் கட்டடத்தில் சண்டை வரும்.

எவ்வளவு நாள் முன்னாடி தேட ஆரம்பிக்க வேண்டும்?

தீபாவளி, பொங்கல், மே விடுமுறை என்றால் இரண்டு மாதம். இது கூடுதலாகத் தெரியும். ஆனால் நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட் போட்ட அன்றைக்கே நாய்க்கும் இடம் கேட்டுவிட வேண்டும். போன வாரம் ஊசி போட்டேன், நாளைக்கு விடுகிறேன் என்கிற கதையும் வேலைக்கு ஆகாது, அதைக் கீழே சொல்கிறேன். அதோடு ஒரு ராத்திரி சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் இரண்டு மாதம்.

நேரில் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பார்ப்பதைவிட ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, நைட் இங்க யார் படுப்பாங்க?"

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீச்சல் குளம், செயற்கைப் புல், சுவரில் எலும்புத் துண்டு ஓவியம் எல்லாம் பகல் நேரத்துச் சமாச்சாரம். நாய்க்கு வயிறு உப்புவது, வலிப்பு வருவது, இரண்டு நாய்கள் கம்பிக்கு இடையில் கடித்துக்கொள்வது எல்லாம் ராத்திரி பதினொன்றுக்கும் காலை ஐந்துக்கும் நடுவில் நடந்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்? உரிமையாளர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அது தப்பில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் போன பிறகு அங்கே பாய் விரித்துப் படுக்கிற ஒருவர் இருக்கிறாரா, அவர் படுக்கிற இடத்திலிருந்து நாய்களின் சத்தம் கேட்குமா, அவர் கையில் டாக்டர் நம்பர் இருக்கிறதா, ராத்திரியில் வண்டி எடுக்க ஆள் உண்டா. இந்த நான்குக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் பாதி முடிந்தது. "சிசிடிவி இருக்கு சார்" என்பது பதில் இல்லை. கேமரா எழுந்து போய்க் கதவைத் திறக்காது.

அந்த ராத்திரி ஆளைப் பார்த்துப் பேசவும் வேண்டும். பெரும்பாலும் வடக்கிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையனாக இருப்பார், அல்லது பக்கத்துக் கிராமத்து அண்ணனாக இருப்பார். அவரோடு கூண்டுகளைச் சுற்றி நடந்து வாருங்கள். எந்த நாய்க்கு என்ன பெயர், எது சாப்பிடவில்லை, எது எதோடு ஒத்துப்போகாது என்று அவர் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தால் அந்த இடத்துக்கு மேல் தேட வேண்டாம். நாய்களும் காட்டிக்கொடுக்கும். அவர் வருவதைக் கண்டு கம்பியருகே வந்து வாலாட்டுகிறதா, மூலையில் போய் ஒடுங்குகிறதா என்பதை ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு ஆளுக்கு எத்தனை நாய் என்றும் கேளுங்கள். எட்டு, பத்து வரை ஒருவர் சமாளிப்பார் என்பது என் கணக்கு. முப்பது நாய்க்கு இரண்டு பேர் என்றால் கழுவுவதற்கும் சோறு வைப்பதற்குமே பொழுது போய்விடும், உங்கள் நாய் மூத்திரம் போனதா என்று கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சரி, கண்ணால் பார்க்க என்னவெல்லாம் இருக்கிறது?

மூக்கில் ஆரம்பியுங்கள். நாய் இருக்கும் இடத்தில் நாய் வாசனை இருக்கத்தான் செய்யும். பழைய மூத்திரத்தின் காட்டம் கண்ணை எரித்தால் வேண்டாம். பினாயில் வாசனை தெருவரைக்கும் வந்தாலும் எனக்குச் சந்தேகம்தான், நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஊற்றியது அது.

அப்புறம் கூரை. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ மட்டும் இருந்து மேலே ஓலையோ வலையோ உள்ளே பொய்க்கூரையோ இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் அது அடுப்பு. மதியம் இரண்டு மணிக்குப் போய் உள்ளே ஐந்து நிமிடம் நில்லுங்கள், உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது. தண்ணீர்க் கிண்ணத்தில் பாசி இருக்கிறதா, தரை சரிவாக இருந்து தண்ணீர் வடிகிறதா, மழை பெய்தால் எங்கே நிற்கும். சாக்கடையும் எலிப்பொந்தும் பக்கத்தில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்துதான் லெப்டோஸ்பைரோசிஸ் வருகிறது, அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

கடைசியாக கேட். ஒரே ஒரு கேட் இருக்கும் இடத்தில் யாராவது உள்ளே வரும்போது நாய் வெளியே போகும். இரண்டு கதவு வேண்டும், ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும்.

உள்ளே விட மாட்டேன் என்கிறார்களே?

திரும்பி வந்துவிடுங்கள். "புது ஆள் வந்தா நாய்ங்க டென்ஷன் ஆகும்" என்பது ஓரளவு உண்மைதான், சோறு வைக்கும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் பார்வையாளர் வேண்டாம் என்பது நியாயம். வேறு நேரம் கொடுங்கள் என்று கேளுங்கள். எந்த நேரத்திலும் முடியாது என்றால் ஏதோ காட்டக்கூடாதது இருக்கிறது.

என்னென்ன ஊசி போட்டிருக்க வேண்டும்?

ரேபிஸ் ஊசி ஒன்று. டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், பாராஇன்ஃப்ளூயன்ஸா, லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடும் ஊசி இன்னொன்று, இதைத்தான் கிளினிக்கில் செவன்-இன்-ஒன், நைன்-இன்-ஒன் என்பார்கள். அப்புறம் கெனல் காஃப். இந்த மூன்றாவதைத்தான் பலர் போடுவதில்லை, போர்டிங்குக்கு அதுதான் ரொம்ப வேண்டியது. கெனல் காஃப் என்பது நாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் காற்றில் பரவும் இருமல், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதைப் போல நாய் இருமும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், குட்டிக்கும் கிழத்துக்கும் நிமோனியா வரை போகலாம். மூக்கில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. சொட்டு என்றால் ஒரு வாரம் முன்னால் போட்டாலும் போதும், ஊசி என்றால் முதல் தடவை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு போட வேண்டும். இரண்டு மாதம் முன்னாடி ஆரம்பியுங்கள் என்றது இதற்கும்தான்.

குட்டிக்கு 16 வாரம் ஆகிக் கடைசி ஊசி விழும் வரைக்கும் எங்கேயும் விடாதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதா பினாயிலுக்கெல்லாம் அசையாது, பிளீச்சிங் கரைசல் போட்டால்தான் சாகும். கெனல்காரரிடம் தரையை எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்கு விஷயம் தெரியுமா என்பது தெரியும்.

அவர் உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயின் சொந்தக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டார். சென்னைக்குள் இருப்பவர்கள் நாய் வளர்க்க எடுக்கும் மாநகராட்சி உரிமத்தின் நகலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று எப்படியும் வேண்டும், 2025-ல் மைக்ரோசிப்பும் சேர்ந்திருக்கிறது. நாய் தொலைந்தால் அந்தச் சிப் உதவும்.

உண்ணி பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம் என்பதால்தான். நான் பட்டுக்கொண்டேன் என்றேனே, இதில்தான்.

ஆறு நாள் விட்டிருந்தோம். திரும்பி வந்தபோது பூச்சி நன்றாகத்தான் இருந்தாள், காது மடிப்பில் நாலைந்து உண்ணி இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. கோழிச் சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஈறு வெளுத்துப் போயிருந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் தரைமட்டம். எர்லிகியா, நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம், நடுவில் இரண்டு நாள் டிரிப். பிழைத்துக்கொண்டாள். கெனலுக்கு போன் செய்து சொன்னேன், "உங்க வீட்டிலேயே வந்திருக்கும் சார்" என்றார்கள். இருக்கலாம், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்துச் சுவரில் பூச்சு பெயர்ந்து கிடந்ததை நான் முதல் நாளே பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டு வந்தேன்.

சுவர் எதற்கு என்றால், நம் நாய்களைக் கடிக்கும் பழுப்பு நிற உண்ணி காட்டில் வாழ்வதில்லை, நாய் படுக்கும் இடத்தில் வாழ்கிறது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் ஏறி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும், குஞ்சு பொரித்து அடுத்த நாய் வரும் வரை மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும். அதனால் வந்த நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, கட்டடத்துக்கே மருந்து அடிக்க வேண்டும். கடைசியாக எப்போது அடித்தீர்கள் என்று கேளுங்கள். கூண்டின் மூலைகள், கதவு இடுக்கு, கூரை சேரும் இடம் இவற்றை போன் டார்ச்சைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் உண்ணி மாத்திரை. மாதம் ஒன்று என்கிற வகையும் 12 வாரத்துக்கு ஒன்று என்கிற வகையும் உண்டு. நாய்க்கு வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம்.

கூண்டில் அடைப்பது கொடுமை இல்லையா? கூண்டே இல்லாத இடங்கள் இருக்கின்றனவே?

பகல் முழுக்க அடைத்து வைத்தால் கொடுமைதான். ஆனால் கூண்டே இல்லை என்று பெருமையாக விளம்பரம் செய்கிற இடத்தைப் பார்த்தால் எனக்கு வேறு பயம் வருகிறது. ஒன்றையொன்று தெரியாத பதினைந்து நாய்கள், ஒரே கூடம், சோற்று நேரம். அதிலும் ராத்திரி ஆள் தூங்கிவிட்டால்? பகலில் குணம் பார்த்து, உயரம் பார்த்து, மூன்று நான்கு நாய்களாக விளையாட விட்டு, சோறும் தூக்கமும் தனித்தனி அறையில் என்கிற இடம்தான் சரி. அறை என்றால் நாய் எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும். நடக்க இரண்டடி மிச்சமும் இருக்க வேண்டும்.

சாப்பாடு அவர்கள் போடுவதா, நாம் கொடுத்து அனுப்புவதா?

கொடுத்து அனுப்புங்கள். இடம் மாறியதாலேயே வயிறு கலங்கும், சோறும் மாறினால் பேதிதான். உலர் தீனி சாப்பிடுகிற நாய் என்றால் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிப் பெயர் எழுதிக் கொடுத்துவிடலாம். வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற நாய்க்கு வழக்கமாக அங்கே வேகவைத்த கோழியும் சோறும்தான் இருக்கும், அது பழகட்டும் என்று ஒரு வாரம் முன்னாலிருந்தே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். தயிர்சோறு மட்டும் சாப்பிடும் நாய்கள் நம் ஊரில் நிறைய உண்டு, வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு வைக்கக் கூடாது என்று வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். பாசத்தில்தான் வைப்பார்கள். வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு ஒரே வேளையில் மொத்தமாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் அவகாசம்.

என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. அதற்குத் தனியாக ஏதாவது?

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். லேப்ரடாருக்கென்று கட்டிய கெனல் இவற்றுக்கு ஆகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டப் பிறந்தவை, நாலடிச் சுவர் அவற்றுக்குப் படிக்கட்டு. ஆறடிக்கு மேல் வேலியும், முடிந்தால் மேலே மூடியும் இருக்க வேண்டும். தலை சிறுத்துக் கழுத்து நீண்டதால் சாதா பட்டையைப் பின்னாலிழுத்து உருவிக்கொள்ளும், அகலப் பட்டையோ ஹார்னஸோ கொடுத்து அனுப்புங்கள். பல நாய்கள் ஒரே ஆளுக்குத்தான் அடங்கும், புது ஆள் தொட்டால் உறுமும். ராஜபாளையத்தை எல்லாம் காசு வருகிறதே என்று எடுத்துக்கொண்டு பிறகு பயத்தில் ஐந்து நாளும் கூண்டைத் திறக்காமலே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முன்பு நாட்டு இனம் வைத்துப் பார்த்த அனுபவம் உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

பக், புல்டாக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பை நாய்களுக்கு வெயில்தான் எமன். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், மூக்கே சப்பை என்றால் அதுவும் முடியாது. ஏசி அறை கேளுங்கள், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104-ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

தீபாவளிக்கு விடலாமா?

வேட்டுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய் என்றால் நகரத்துக்கு வெளியே, பக்கத்தில் குடியிருப்பு இல்லாத இடமாகப் பார்த்து விடலாம், வீட்டில் இருப்பதைவிட அதுவே நிம்மதியாக இருக்கும். ஆனால் வெளியே என்றாலும் வேட்டு இல்லாமல் இருக்காது, பயந்த நாய் எதையும் தாண்டும். அன்று ராத்திரி எல்லா நாயும் உள்ளறையில் இருக்குமா, அந்த ராத்திரி ஆள் ஊருக்குப் போய்விடுவாரா என்று கேட்க மறக்காதீர்கள். அவருக்கும் தீபாவளிதானே.

பெண் நாய் ஹீட்டில், அதாவது இணை சேரும் பருவத்தில் இருந்தால்?

எடுக்க மாட்டார்கள், எடுத்தால் நீங்கள் விடாதீர்கள். ரத்தம் தெரிந்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம். "தனியா வெச்சுக்கறோம்" என்று சொல்லி வாங்கி வைத்து, 63 நாள் கழித்து ஐந்து குட்டியோடு என்னைத் திட்டிய ஒரு சிநேகிதர் இருக்கிறார். நான்தான் அந்த இடத்தைச் சொன்னேன்.

எவ்வளவு ஆகும்?

நான் விசாரித்த இடங்களில் ஒரு நாளுக்கு 500 முதல் 1,200 ரூபாய் வரை கேட்டார்கள், ஏசி, தனி அறை, பெரிய நாய் என்றால் கூடும். விலையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. நான் பட்டுக்கொண்ட இடம் விலை கூடிய இடம்தான், இப்போது விடுகிற இடத்தில் சுவரில் பெயின்ட்கூட ஒழுங்காக இல்லை. மருந்து கொடுக்க, அழைத்துப்போக வண்டி அனுப்ப, குளிப்பாட்ட என்று எதற்கெல்லாம் தனிக் காசு என்பதை முன்னாலேயே கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துவிட்டுப் போடுங்கள். நாய்க்கு எது ஆனாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கும். அதை அடிக்க வைக்க முடியாது, பதிலுக்கு உங்கள் கடிதம் ஒன்றைக் கொடுங்கள்: அவசரம் என்றால் எனக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை செய்யலாம், இத்தனை ஆயிரம் வரை கேட்காமலே செலவு செய்யலாம், என் டாக்டர் இவர், அவர் கிடைக்காவிட்டால் இந்த ஆஸ்பத்திரி. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எழுதலாம், 1903-லிருந்து இருக்கும் இடம், ஆட்டோக்காரருக்கும் வழி தெரியும். நீங்கள் விமானத்தில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் போன் எடுக்காததால் ஒரு நாய் போய்விடக் கூடாது.

வயதான நாய், மருந்து சாப்பிடும் நாயை விடலாமா?

சீசருக்கு 11 வயது, மூட்டு வலி, காலை மாலை மாத்திரை. அவனைக் கெனலில் விடுவதை நிறுத்திவிட்டேன், என் அக்கா வீட்டில்தான் விடுகிறேன். வழுக்கும் டைல்ஸ் தரையும் ராத்திரி முழுக்கப் பக்கத்து நாய்கள் குரைப்பதும் கிழ நாய்க்குத் தாங்காது. வேறு வழியில்லை என்றால், இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ வேளை தவறாமல் கொடுக்கத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். முன்னாலேயே ஒரு வேளை உங்கள் கண் முன்னால் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். மாத்திரையைச் சோற்றில் கலந்து வைத்துவிட்டுப் போகிறவர் வேண்டாம், நாய் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும்.

தினமும் வீடியோ அனுப்புகிறார்கள். அது போதாதா?

எனக்கு ஒரு தடவை திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரே வீடியோ வந்தது, பின்னால் போன ஆட்டோ முதற்கொண்டு ஒன்று. அதிலிருந்து நானே கேட்டு வாங்குகிறேன்: "அண்ணா, சோத்துக் கிண்ணத்தோட ஒரு போட்டோ", "நடக்கறத எடுங்க, பின்காலு தெரியணும்". பத்து நொடி போதும். சோறு முடிந்ததா, மலம் இறுகலாக இருந்ததா, இந்த இரண்டுக்கும் பதில் வந்தால் விளையாடும் வீடியோ வராவிட்டாலும் கவலை இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று கேளுங்கள், இருபது கேட்டால் அவர் நாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விட்டுவிட்டு வரும்போது அழுகிறதே, என்ன செய்வது?

நாயா, நீங்களா? கட்டிப்பிடித்துப் பத்து நிமிடம் கொஞ்சினால் ஏதோ ஆபத்து என்று அதற்கும் பயம் தொற்றிக்கொள்ளும். சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். காலையில் விடுங்கள், இருட்டுவதற்குள் இடம் பழகட்டும். நீங்கள் இரண்டு நாள் உடுத்தித் துவைக்காத பழைய லுங்கியோ நைட்டியோ ஒன்று கூட வையுங்கள், புது மெத்தையைவிட அந்த வாசனைக்கு மதிப்பு அதிகம். கழுத்துப்பட்டையில் ஊரில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள், நீங்கள் அந்தமானில் இருக்கும்போது உங்கள் நம்பர் மட்டும் இருந்து பிரயோசனம் இல்லை.

ஒரு ராத்திரி ஒத்திகை என்றேனே, அது இதற்குத்தான். மறுநாள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட நாய் அடுத்த தடவை அவ்வளவு அழாது.

முதல் நாள் சாப்பிடவே இல்லை என்கிறார்கள். திரும்பி வந்துவிடட்டுமா?

நன்றாக இருக்கும் பெரிய நாய் ஒரு நாள், ஒன்றரை நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். தண்ணீர் குடிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாம் நாளும் தொடவில்லை, அல்லது வாந்தி, ரத்தத்தோடு பேதி, சுருண்டே கிடக்கிறது என்றால் டாக்டரிடம் அன்றைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். குட்டி, சர்க்கரை உள்ள நாய், ரொம்பச் சின்ன இனம் என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டுக்குள் விடும் முன் வாசலிலேயே காது, விரலிடுக்கு, அக்குள், வாலடி எல்லாம் தடவிப் பார்த்து உண்ணி எடுங்கள். வந்ததும் ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்கும், ஒரு நாள் முழுக்கத் தூங்கும், குரல் கம்மியிருக்கும். குரைத்துக் குரைத்துத்தான் கம்மியிருக்கும், பயப்பட வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் இருமல் வந்தால் கெனல் காஃபாக இருக்கலாம், மற்ற நாய்களோடு விடாதீர்கள். மூன்று வாரம் வரை சோறு குறைந்தாலோ ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் "போர்டிங்கில் விட்டிருந்தோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையை அவரே எழுதுவார். என் காலண்டரில் நாயைக் கூட்டி வந்த தேதியிலிருந்து 21-ம் நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது.

பார்த்துக்கொண்ட ஆளுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள், ராத்திரி அங்கே படுத்தவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். பூச்சியைக் கூப்பிடப் போனபோது அந்த அண்ணனுக்கு ஒரு வேட்டியும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இடது காதுல சொறியறா சார், பாருங்க" என்றார்.